ஜெஃபர்சன் கவுண்டியின் செங்கல் கொட்டகை

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் அப்பா அம்மாக்களை எங்கே கூட்டிப்போகிறோம்? நயாகரா. அப்புறம் நியூயார்க். வெள்ளை மாளிகை வேலிக்கு வெளியே நின்று ஒரு புகைப்படம். அதோடு சரி. வாஷிங்டன் பக்கம் குடியிருப்பவர்களிடம் நான் சலிக்காமல் சொல்வது இதுதான்: ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் மேற்கு வர்ஜீனியாவின் கிழக்கு மூலையில் ஜெஃபர்சன் கவுண்டி வந்துவிடும். சோளக்கொல்லையும் ஆப்பிள் தோட்டமும் உள்ள நாட்டுப்புறம். அங்கே ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற சிற்றூரில் பொட்டோமாக், ஷெனண்டோவா என்ற இரண்டு ஆறுகள் கூடுகின்றன.

இந்தக் காட்சிக்காக அட்லாண்டிக் கடலைத் தாண்டியே வரலாம் என்று எழுதினார் தாமஸ் ஜெஃபர்சன். 1783இல் அங்கே ஒரு பாறைமேல் நின்று பார்த்திருக்கிறார். நம் பெற்றோர்தான் எப்படியும் கடலைத் தாண்டி வந்தாயிற்றே, மிச்சம் நூறு கிலோமீட்டர்தான்! பாறை இன்றும் இருக்கிறது. ஆட்டம் கண்டதால் பிற்பாடு நான்கு கல்தூண்களை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஏறிப்போகும் கல்படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம், குறை ஒன்றுமில்லை. ஏனென்றால் நான் பார்க்கச் சொல்லும் பொருள் கீழேதான் இருக்கிறது. ஒரு கொட்டகை.

ஆற்று நீரின் விசையை நம்பி அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். அதன் தீயணைப்பு வண்டியை நிறுத்துவதற்காகக் கட்டிய செங்கல் கட்டடம்தான் இந்தக் கொட்டகை. ஒரே தளம், சின்னது. 1859 அக்டோபர் 16 இரவு, ஜான் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் பதினெட்டுப் பேரோடு ஊருக்குள் வந்தார். ஆயுதக் கிடங்கைப் பிடித்து, அடிமைகளை விடுவிக்க அவர்கள் கையிலேயே துப்பாக்கிகளைக் கொடுப்பது அவர் திட்டம். கொடுமை என்னவென்றால், அந்தத் தாக்குதலில் முதலில் குண்டடிபட்டு இறந்தவரே ஒரு கறுப்பினத்தவர். ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிய ஹேவர்ட் ஷெப்பர்ட், அடிமையாக இல்லாத மனிதர். சுற்றி வளைக்கப்பட்ட பிரவுன் இந்தக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டார். 18ஆம் தேதி காலை, ராணுவ அதிகாரி ராபர்ட் லீ தலைமையில் வந்த மரைன் படை வீரர்கள் ஏணியால் இடித்துக் கதவைப் பிளந்தார்கள். டிசம்பர் 2 அன்று பக்கத்து ஊரான சார்ல்ஸ் டவுனில் பிரவுனுக்குத் தூக்கு. விசாரணை நடந்த நீதிமன்றம் அங்கே இன்றும் நிற்கிறது. ஒன்றரை வருடத்துக்குள், அடிமை முறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் வந்துவிட்டது.

இது பாடப்புத்தகத்தில் கிடைக்கும். எனக்குப் பிடித்தது கொட்டகையின் கதை. 1891இல் ஒரு கூட்டத்தார் அதை வாங்கி, பிரித்து, செங்கற்களை ரயிலேற்றி சிகாகோ கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். காசு கொட்டும் என்று கணக்கு. பத்து நாளில் வந்தவர்கள் பதினோரு பேர்! கடையைக் கட்டிவிட்டு, செங்கலை ஒரு காலி மனையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கேட் ஃபீல்டு என்ற பெண் பத்திரிகையாளர் பணம் திரட்டி அதை மீட்டார். 1895இல் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் திரும்பக் கட்டினார்கள்.

அந்தப் பண்ணைக்குத்தான் 1906 ஆகஸ்டில், விடியற்காலையில், டு பாய்ஸ் உள்ளிட்ட கறுப்பினத் தலைவர்கள் ஊர்வலமாகப் போனார்கள். அவர்களுடைய அமைப்பின் பெயர் நயாகரா இயக்கம். பாருங்கள், நயாகரா நம்மை இங்கேயும் விடவில்லை. கொட்டகை நெருங்கியதும் காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு, பனி படிந்த புல்லில் வெறுங்காலோடு நடந்தார்கள், அது புனித மண் என்று. இதைச் சொன்னால் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு விளக்கம் தேவைப்படுவதே இல்லை. சிலர் அங்கேயே குனிந்து செருப்பைக் கழற்றுகிறார்கள்.

அப்புறம், விடுதலை பெற்ற அடிமைகளின் கல்விக்காக 1867இல் எழுந்த ஸ்டோரர் கல்லூரி 1909இல் கொட்டகையை வாங்கித் தன் வளாகத்துக்குக் கொண்டுபோனது. கடைசியில் 1968இல் தேசியப் பூங்காத் துறை ஆற்றங்கரைக்கே இறக்கிவிட்டது. பழைய இடத்தில் வைக்க முடியவில்லை. அதன்மேல் ரயில்பாதைக்கு மண்மேடு போட்டுவிட்டார்கள். அதனால் கொஞ்சம் தள்ளி, ஏறக்குறைய 150 அடி தூரத்தில் நிற்கிறது. நான்கு முறை இடம் மாறியும் பெயர் என்னவோ இன்றும் "ஜான் பிரவுன் கோட்டை"தான்.

ஆற்றை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கீழ்த்தெருவில் ஒரு சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1936இன் கோடு எல்லாவற்றுக்கும் மேலே: முப்பத்தாறரை அடி. சுவர் ஓரம் நின்று அண்ணாந்து பாருங்கள். ஆறு சாதுவாகத் தெரிந்தாலும் இறங்கிக் குளிக்காதீர்கள். உள்ளே பாறை, இழுப்பு. ரப்பர் டியூபில் உட்கார்ந்து மிதந்து வருவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அதை நடத்தும் ஆட்களோடு, உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். நடப்பவர்களுக்கு ரயில்பாலத்தை ஒட்டிய நடைபாலம் இருக்கிறது. பதினான்கு மாநிலங்களைக் கடக்கும் அப்பலாச்சியன் நடைபாதை அதன் வழியாகத்தான் போகிறது. அக்கரையில் பழைய கால்வாய்க்கரைப் பாதை, வாஷிங்டன்வரை ஏற்றமே இல்லாத சமதளம். பெரியவர்கள் அதில் ஒரு அரை மணி நடந்து, கொண்டுபோன புளியோதரையைப் பிரிக்கலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். இதே கவுண்டியில் உள்ள ஷெப்பர்ட்ஸ்டவுன் என்ற ஊர் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஜேம்ஸ் ரம்சே என்பவர் 1787இலேயே அங்கே பொட்டோமாக்கில் நீராவிப் படகு ஓட்டிக்காட்டினார். அதையும் பார்த்துவிடுங்கள். காரை மலைமேல் பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு, பூங்காப் பேருந்தில் இறங்குங்கள். கீழே இடம் தேடி அலைய வேண்டாம். பயணிகள் ரயில் வேலைக்குப் போகிறவர்களுக்கானது, காலையில் வாஷிங்டன் நோக்கித்தான் வரும். ஒருநாள் பயணத்துக்கு அது தோதுப்படாது. வணக்கம்.