தோற்காத அணி இரண்டாம் இடமா? (அப்புறம் அந்த 49 ரூபாய்)

வணக்கம் மக்களே. மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் இன்று காற்றே இல்லை, அதனால் மைக்கில் இரைச்சல் வராது. பின்னால் முருங்கை மரம் எங்கே என்று கேட்காதீர்கள். போன வார மழையில் கிளை முறிந்தது, மிச்சத்தையும் அம்மா வெட்டச் சொல்லிவிட்டாள். எனக்கு அதில் கொஞ்சம் கோபம்தான். அதை விடுங்கள்.

இன்றைக்குச் சொதி வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். ஞாயிற்றுக்கிழமை லைவில் நீங்கள் போட்ட சண்டைக்குப் பதில் சொல்லாமல் என்னால் தேங்காய் துருவ முடியாது. இலங்கைப் பள்ளிக்கூட ரக்பியில் யார் சாம்பியன் என்று கேட்டால், பத்து நிமிஷத்தில் ஒருவருக்கொருவர் 'உனக்கு ஆட்டம் தெரியுமா' என்ற இடத்துக்குப் போய்விட்டீர்கள். இத்தனைக்கும் பாதிப் பேர் வள்ளியூர், நாங்குநேரி, திசையன்விளை. நாம் யாரும் அந்தப் பந்தைத் தொட்டதுகூடக் கிடையாது. நான் தொட்டுவிட்டேன், அது தனிக் கதை, வருகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: என் தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். ஞாயிற்றுக்கிழமை வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாங்டன் பிளேஸ் மைதானத்தில் போய் நின்று மேட்ச் பார்த்தவர். ஊர் திரும்பின பிறகும் 'முட்டைப் பந்து, முட்டைப் பந்து' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். 1982இல் ரூபவாஹினி வந்ததும் அப்பாவை விட்டு மூங்கிலில் ஆன்டெனா கட்டச் சொன்னாராம். நம் கரையோர ஊர்களில் அப்போது சென்னையைவிடக் கொழும்புதான் தெளிவாகத் தெரிந்தது, உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்த நோய்தான் எனக்கு.

சரி, சண்டைக்கு வருகிறேன். 'ஒரு மேட்சும் தோற்காத அணிதான் சாம்பியன், இதில் என்ன கணக்கு வேண்டியிருக்கிறது?' இப்படி ஒருவர் எழுத, அதற்கு நாற்பது பேர் கைதட்டல் போட்டிருக்கிறீர்கள். எனக்கு இந்த வாதம் பிடிக்கவே பிடிக்காது. தோற்கவில்லை என்றால் ஜெயித்தாய் என்று அர்த்தமா?

தினக்காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன், கேமராவுக்குக் காட்டுகிறேன். எட்டு அணிகள், ஆளுக்கு ஏழு மேட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க ரக்பி தொடர்களில் பெரும்பாலும் ஓடுகிற கணக்கு இது: ஜெயித்தால் 4 புள்ளி, டிரா என்றால் 2. ஒரே மேட்சில் நான்கு ட்ரை (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) போட்டால் கூடுதலாக 1. முதல் அணி ஐந்தில் ஜெயித்தது, இரண்டில் டிரா. தோல்வியே இல்லை. 20, அதோடு 4, ஆக 24. இரண்டு மேட்சில் நான்கு ட்ரை போட்டது, 26. இரண்டாவது அணி ஆறில் ஜெயித்தது, ஒன்றில் தோற்றது. 24. ஐந்து மேட்சில் நான்கு ட்ரை, 29. தோற்றவன் மூன்று புள்ளி மேலே நிற்கிறான். அது நியாயம்தான். அவன் ஆடியிருக்கிறான், மற்றவன் தோற்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பந்துக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். ட்ரை என்றால் என்ன என்று காட்டுவதற்குக் கையில் பந்து வேண்டும் என்று நினைத்தேன். திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷனிலும் ஆறு கடை ஏறி இறங்கினேன். கிரிக்கெட் இருக்கிறது, வாலிபால் இருக்கிறது, கேரம் பவுடர்கூட மூன்று வகை இருக்கிறது. ரக்பி பந்து என்றால் ஒருவர், 'அது உடைஞ்ச பந்தாம்மா?' என்று கேட்டார். சரியென்று ஆன்லைனில் போட்டேன். 899 ரூபாய், அதற்கு மேல் 49 ரூபாய் ஏதோ ஒரு கட்டணம். சைஸ் 5 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

வந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். அம்மாவின் தையல் டேப்பை எடுத்து நீளவாக்கில் சுற்றி அளந்தேன். 74 முதல் 77 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 71 இருந்தது. டேப் பழசு, நைந்திருக்கும் என்று அம்மா சொன்னாள். நானா விடுவேன்? பலசரக்குக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி தராசில் வைத்துவிட்டு, 'என்ன தாயி, பப்பாளிக்காயா? நம்மகிட்ட வாங்குனது இல்லையே' என்றார். 372 கிராம். சைஸ் 5 என்றால் 410க்குக் குறையக்கூடாது, 460க்கு மேல் போகக்கூடாது. சின்னப் பிள்ளைகள் ஆடுகிற சைஸ் 4ஐ என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

திருப்பி அனுப்பப் பட்ட பாடு இருக்கிறதே! மூன்று நாள் 'வீடு பூட்டியிருந்தது' என்று மெசேஜ். மூன்று நாளும் அம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாலாவது நாள் ஆள் வந்தான். 899 திரும்பி வந்துவிட்டது. 49 வரவில்லை. அது கட்டணமாம், திரும்பாதாம். தப்பான பொருளை அனுப்பியதற்குக் கட்டணமா? 49 ரூபாய் பெரிய காசா என்று கமெண்டில் எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன், ஆமாம், பெரிய காசுதான். அந்த 49 ரூபாய்க்குப் பாளை மார்க்கெட்டில் என்னென்ன வாங்கலாம் என்று நான் தனி வீடியோவே போடுவேன்.

எங்கே விட்டேன்? 29. ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன் மக்களே. தோற்றாலும் ஸ்கோரில் 7 புள்ளி வித்தியாசத்துக்குள் தோற்றால் பட்டியலில் 1 கிடைக்கும். இரண்டாவது அணி 5 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது என்றால் 30. இந்த ஒற்றைப் புள்ளிக்காகத்தான் கடைசி நிமிஷத்தில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்தும் பையன்கள் பெனால்டி உதைக்கிறார்கள். 'தோற்கப் போகிற மேட்சில் மூன்று புள்ளி எதற்கு?' என்று லைவில் சிரித்தீர்கள் இல்லையா, இதற்குத்தான்.

ஆனால் இந்தக் கணக்கில் எனக்கே ஒரு குறை தெரிகிறது. மழை. நம் குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே தென்மேற்குப் பருவமழைதான் கொழும்பையும் கண்டியையும் நனைக்கிறது. நனைந்த பந்து கையில் நிற்காது. முன்பக்கம் நழுவினால் எதிரணிக்கு ஸ்க்ரம். அப்படி ஒரு சாயங்காலத்தில் நான்கு ட்ரை எங்கே போடுவது? காய்ந்த மைதானத்தில் ஆடினவன் போனஸ் அள்ளுகிறான், சேற்றில் ஆடினவன் 6-3 என்று ஜெயித்துவிட்டு வெறும் நாலோடு வீட்டுக்குப் போகிறான். 'தோற்காத அணி' கட்சிக்காரர்கள் இந்த வாதத்தை எடுத்திருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன். யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் 'கெத்து' என்று மட்டும் எழுதினீர்கள்.

ஸ்க்ரம் என்றதும் ஞாபகம் வருகிறது. பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துத் தள்ளுவார்கள். நெல்லையப்பர் ஆனித் தேர் நிலையை விட்டு நகரும்போது பின்னால் தடி போடுவார்களே, அந்த முக்கல் சத்தம் இதிலும் வரும். 'பலமான அணி கோல் கோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதானே?' என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பத்தொன்பது வயதுக்குக் கீழே ஆடும்போது ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது தம்பி. கழுத்து முறியும். ஆட்டமும் பாதிக்கு 35 நிமிஷம்தான், பெரியவர்களுக்குத்தான் 40.

அடுத்தது, போன வீடியோவில் நான் விட்ட தப்பு. இலங்கையில் பள்ளிக்கூட ரக்பியைத் தொடங்கியது கண்டியின் டிரினிட்டி பள்ளி என்று சொல்லிவிட்டேன். வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா நீளமாகத் திருத்தி எழுதியிருந்தார். அவர் சொன்னதுதான் சரி. கண்டியில் கிங்ஸ்வுட் பள்ளியைத் தொடங்கிய லூயிஸ் எட்மண்ட் பிளேஸ்தான் 1891இலேயே பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர். டிரினிட்டி பிறகு வந்தது. 1906இல் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் மோதியதுதான் முதல் பள்ளி மேட்ச். 6-6 டிரா! எனக்கு இதில் பிடித்தது அந்த ஆண்டுதான். நம் வ.உ.சி. கொழும்புக்குக் கப்பல் விடச் சுதேசிக் கம்பெனி தொடங்கியதும் அதே 1906. தினமும் அவர் பெயர் வைத்த மைதானத்தைச் சுற்றித்தான் நடக்கிறேன், இது இரண்டும் இத்தனை நாள் என் மண்டையில் சேரவில்லை.

கொழும்பு ராயல் பள்ளியின் பெயரைப் பற்றி அந்த அக்கா இன்னொன்றும் எழுதியிருந்தார், 'ராயல் இல்லை தங்கச்சி, றோயல்' என்று. முயற்சி செய்கிறேன் அக்கா. என் வாயில் வரமாட்டேன் என்கிறது.

இப்போது பிராட்பி, அதாவது ராயலும் டிரினிட்டியும் மோதுகிற கேடயம். லைவில் இரண்டாவது சண்டை இதுதான். லீக்கில் ஐந்தாம் இடத்தில் இருந்தாலும் பிராட்பி கேடயம் ஜெயித்தால் போதும் என்று ஒரு கோஷ்டி. அதை ராயல் அதிபராக இருந்த பிராட்பி 1945இல் கொடுத்தார். அங்கே தலைமை ஆசிரியரை அதிபர் என்றுதான் சொல்வார்கள், நாட்டு அதிபர் என்று நினைத்துவிடாதீர்கள், நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ராயலும் டிரினிட்டியும் 1920இலிருந்தே ஆடுகின்றன. கேடயத்துக்கு மட்டும் இரண்டு மேட்ச், ஒன்று கொழும்பில், ஒன்று கண்டியில். இரண்டிலும் எடுத்த புள்ளியைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

இதில்தான் சுவையே இருக்கிறது. முதல் மேட்ச் 20-10 என்று ஒருவன் ஜெயிக்கிறான். இரண்டாவதில் 12-18 என்று தோற்கிறான். கூட்டினால் 32-28, கேடயம் அவனுக்கு. கடைசி விசில் ஊதும்போது மைதானத்தில் ஜெயித்தவன் அழுவான், தோற்றவன் கேடயத்தைத் தூக்குவான். இப்படி ஒரு காட்சியை எந்த லீக் பட்டியல் கொடுக்கும்? சாம்பியன் யார் என்றால் பட்டியலைத்தான் பார்ப்பேன். டிக்கெட்டும் விசாவும் யாராவது கொடுத்தால் பிராட்பிக்குத்தான் போவேன். இது முரண்பாடு என்று எழுதாதீர்கள், எனக்கே தெரியும். அதற்காக இசிபத்தன, ஜாஹிரா, புனித பேதுரு, வெஸ்லி என்ற மற்றப் பள்ளிகளின் ரசிகர்கள் பிராட்பியே எல்லாம் என்பதை ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? அவர்கள் அந்த விருந்துக்கு அழைக்கப்படாதவர்கள். அவர்கள் லீக்கைப் பிடித்துக்கொள்வதில் தப்பே இல்லை. இசிபத்தனவின் பச்சைச் சட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தாத்தா, என் தாத்தா இல்லை, அம்பாசமுத்திரத்திலிருந்து பார்க்கிறவர், 'எங்க காலத்துல 12-6னாலே பெரிய ஸ்கோர், இப்ப உள்ள பசங்களுக்கு டிஃபென்ஸ் கிடையாது' என்று எழுதியிருந்தார். ஐயா, மன்னிக்கணும். 1971 வரைக்கும் ஒரு ட்ரைக்கு 3 புள்ளிதான். அப்புறம் 4 ஆனது, 1992இலிருந்துதான் 5. உங்கள் 12-6 நான்கு ட்ரைக்கு இரண்டு ட்ரை என்றால் இன்றைய கணக்கில் அது 20-10. டிஃபென்ஸ் கெட்டுப்போகவில்லை, விலைவாசி ஏறியிருக்கிறது.

ம்ம், அம்மா கூப்பிடுகிறாள். இரண்டு நிமிஷம்.

பந்து முடிவைச் சொல்லவில்லையே. சென்னையில் இருக்கிற அத்தை மகன் 1,350 ரூபாய்க்கு ஒன்று வாங்கி, காற்றை இறக்கித் துணிப் பைக்குள் திணித்து, நெல்லை எக்ஸ்பிரஸில் கொண்டுவந்துவிட்டான். சைக்கிள் கடையில் காற்றடித்தோம். அண்ணாச்சியிடம் மறுபடி தராசு. 435 கிராம்! அண்ணாச்சியே கைதட்டினார், பக்கத்தில் துவரம்பருப்பு வாங்க வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நேற்று சாயங்காலம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் கால்பந்துக் கம்பத்துக்கு நேரே வைத்து உதைத்தேன். முதல் உதை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. இரண்டாவது போன திசை யாருக்கும் தெரியாது, ஒரு பையன் பொறுக்கிக் கொடுத்தான். பதினொன்றாவது உதை குறுக்குக் கம்பிக்கு மேலே, சரியாக நடுவில் போனது. ரக்பிக் கம்பி 3 மீட்டர், இது 2.44 மீட்டர்தான், தெரியும். இருந்தாலும் போனது போனதுதான். வீடியோ எடுக்கச் சொல்லியிருந்த அத்தை மகன் அந்த நேரம் பார்த்துப் போனில் பேசிக்கொண்டிருந்தான். நீங்கள் நம்பத்தான் வேண்டும்.