கூட்ஸ் வண்டிக்கு டைம்டேபிள் கிடையாது

அனைவருக்கும் வணக்கம்.

வைகை எக்ஸ்பிரஸையும் பாண்டியனையும் படமெடுக்க மதுரையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எத்தனை மணிக்கு வரும் என்பது ஊருக்கே தெரியும். கூட்ஸ் வண்டி அப்படியல்ல. பயணிகள் வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் செயலியிலும் அது தென்படாது. அதனால் கூட்ஸ் எடுக்கப் போகிறவர் நேரத்தைத் தேடிப் பயனில்லை, இடத்தைத் தேட வேண்டும். நல்ல இடம் அமைந்தால் வருஷக்கணக்கில் அங்கேயே போக வேண்டும்.

மதுரை–திண்டுக்கல் பாதையில், அம்பாத்துரைக்கும் கொடைரோட்டுக்கும் நடுவே அப்படி ஓர் இடம் இருக்கிறது. பாதை ஏறக்குறைய வடக்குத் தெற்காகப் போகிறது, கிழக்கே சிறுமலை. காலையில் மலைக்கு மேலிருந்து வெயில் முகத்தில் அடிக்கும், இன்ஜின் கருத்துப்போகும். மாலை நாலு மணிக்கு மேல் பாதைக்கு மேற்கே நின்றால் வண்டிக்கும் மலைச்சரிவுக்கும் சேர்ந்தே வெளிச்சம் கிடைக்கும். இதிலும் ஒரு கணக்கு உண்டு. ஜூனில் சூரியன் வடமேற்கே சாய்ந்து மறைவதால், திண்டுக்கல் நோக்கிப் போகும் வண்டியின் முகத்தில் வெயில் விழும். டிசம்பரில் தென்மேற்கு, அப்போது மதுரைக்கு வரும் வண்டிதான் தோதானது. நம் ரயில்கள் இடது பக்கப் பாதையில் ஓடுபவை. மேற்கே நிற்கிறவருக்கு வடக்கே போகும் வண்டி பக்கத்துப் பாதையில், மதுரைக்கு வருவது தூரத்துப் பாதையில். தூரத்துப் பாதையில் வருவதை எடுக்கும்போது இடையில் இன்னொரு வண்டி வந்து மறைத்துவிடலாம். அதற்கு மருந்து கிடையாது.

மின்கம்பங்கள்தான் பெரிய தொல்லை. நேர்ப்பாதையில் கம்பத்துக்குக் கம்பம் அதிகபட்சம் 72 மீட்டர். வளைவில் இன்னும் நெருக்கம். இன்ஜின் முகம் ஒரு கம்பத்தைத் தாண்டிய அடுத்த நொடியே ஷட்டரை அழுத்த வேண்டும். கம்பம் முகத்தின் நடுவே நின்றால் அந்தப் படம் போனதுதான். வண்டி வருவதற்கு முன்பே இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஃபிரேமை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமரா எதுவாக இருந்தாலும் சரி, வெளிச்ச அளவை மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஹெட்லைட் நேராக அடித்தால் தானியங்கி அளவு ஏமாந்து படத்தை இருட்டாக்கும். நிலக்கரி வேகன் வரிசை ஃபிரேமை நிறைத்தால் தேவைக்கு மேல் வெளுக்கும். மாலைச் சாய்வெயிலுக்கு ஐஎஸ்ஓ 400, எஃப் 8, ஷட்டர் 1/1000 என்று ஆரம்பிக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 1/250 நொடியில் ஏழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பக்கவாட்டில் நின்று எடுத்தால் வேகன் எண் கலங்கிவிடும். 1/1000-இல் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. உச்சிவெயிலில் நீள லென்ஸ் வேண்டாம். ஜல்லியிலிருந்து எழும் கானல் படத்தைக் குலைக்கும், பழி லென்ஸ் மேல் விழும்.

இன்ஜின் போனதும் கேமராவை இறக்கிவிடுகிறார்கள். 58 வேகன் கொண்ட நிலக்கரி ரேக், அதாவது முழு வேகன் வரிசை, ஏறத்தாழ 650 மீட்டர் நீளம். அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் அது கடக்க 40 நொடி ஆகும். சரக்கு அங்கேதானே இருக்கிறது! திறந்த பாக்ஸ்என் வேகனா, மூடிய பிசிஎன் வேகனா, பெட்ரோல் டேங்கரா, வாடிப்பட்டியில் டிராக்டர் ஏற்றும் என்எம்ஜியா என்று பாருங்கள். இந்த என்எம்ஜி, ஓய்வு பெற்ற பயணிகள் பெட்டியை மாற்றிக் கட்டியது. ஜன்னல் அடைத்த தடம் உற்றுப் பார்த்தால் தெரியும். வேகன் எண்ணில் 11 இலக்கம். முதல் இரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது, ஐந்தாவதும் ஆறாவதும் கட்டிய வருஷம், பிறகு நான்கு இலக்கம் அதன் சொந்த எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். ஓர் எண்ணாவது தெளிவாக விழுந்தால் அந்தப் படம் பிற்பாடு ஆவணமாகும். கடைசியில் வரும் கார்டு பெட்டியையும் விடாதீர்கள்.

படத்தோடு தேதி, நேரம், வண்டி போன திசை, இன்ஜினின் ஐந்து இலக்க எண், அதில் எழுதியிருக்கும் ஷெட்டின் (இன்ஜினைப் பராமரிக்கும் பணிமனையின்) பெயர், பக்கத்து மின்கம்பத்தில் இருக்கும் கிலோமீட்டர் எண், இவ்வளவையும் எழுதி வையுங்கள். கம்ப எண் இருந்தால் பத்து வருஷம் கழித்தும் அதே இடத்தில் போய் நிற்கலாம்.

ஆனால் நிற்பது ரயில்வே எல்லைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவுப்படி அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போவது 25,000 வோல்ட். செல்ஃபி ஸ்டிக்கை உயர்த்துகிற வேலையே வேண்டாம். ஸ்டேஷனுக்குள் என்றால் பிளாட்பார டிக்கெட் எடுத்து, ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லூப்பில் (ஒதுங்கி நிற்கும் பக்கப்பாதையில்) நிற்கும் கூட்ஸை நிதானமாக எடுக்க அதுதான் நல்ல வழி.

பழைய படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரை–போடி பாதையில் மீட்டர்கேஜ் ஓட்டம் 2010 கடைசியில் நின்றது. அகலப்பாதையில் தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூனிலும்தான் வண்டி வந்தது. நடுவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உசிலம்பட்டியில் மீட்டர்கேஜ் எப்படி இருந்தது என்றே தெரியாது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்படி ஏதாவது கிடந்தால் பிரிண்டை 600 டிபிஐ-யிலும், நெகட்டிவை 3200-க்குக் குறையாமலும் ஸ்கேன் செய்யுங்கள். எந்த ஸ்டேஷன், எந்த வருஷம் என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, பிரிண்டின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தியது முன்பக்கம் தடிப்பாகத் தெரியும்.