ஆறு டீஸ்பூன் சர்க்கரை: இந்தக் கணக்கைப் போட்டது யார்?

[திரையில்: டீக்கடை. கண்ணாடி டம்ளரில் மாஸ்டர் சர்க்கரை போடுகிறார். ஸ்பூன் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.]

வணக்கம். "ஒரு நாளைக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரைக்கு மேல் போகக் கூடாது, உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது." இப்படி ஒரு ஃபார்வர்டு உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும். எங்கள் குழுவில் அதைப் போட்டவர் என் சித்தப்பா. அடுத்த வாரமே ஒரு கல்யாணப் பந்தியில் அவர் இலையில் மூன்றாவது ஜாங்கிரியைப் பார்த்தேன். அது அவர் விஷயம், விடுங்கள். எனக்கு எழுந்த கேள்வி வேறு. நிறுவனம் சொன்னது என்றால், அதற்குள் யார் உட்கார்ந்து சொன்னது? ஏன் ஆறு? ஏழு டீஸ்பூன் போட்டால் என்ன ஆகும்?

சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் நோய் எல்லாவற்றையும் சேர்த்துத் தொற்றா நோய்கள் என்கிறோம். 2021-ல் மட்டும் உலகில் குறைந்தது 4 கோடியே 30 லட்சம் பேர் இவற்றால் இறந்திருக்கிறார்கள். இந்த நோய்களைத் தடுக்க அரசுகள் என்ன செய்யலாம் என்று ஆலோசனை சொல்ல, நிபுணர் குழுக்கள் பல இருக்கின்றன. உப்புக்கு, கொழுப்புக்கு, புகையிலைக்கு என்று தனித்தனியாக. நான் சர்க்கரையை எடுத்துக்கொள்கிறேன். இதில்தான் கதை அதிகம்.

[திரையில்: காகிதத்தில் கைக்கணக்கு]

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடுவது 2000 கலோரி என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 சதவீதம் வரை சர்க்கரையிலிருந்து வரலாம் என்றால், 200 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. ஆக 50 கிராம். டீஸ்பூனுக்கு 4 கிராம் போட்டால் சுமார் 12 டீஸ்பூன் வரும். 10-ஐ 5 ஆக்கினால் 25 கிராம், ஆறு டீஸ்பூன். ஆக, நிபுணர்கள் சொன்னது ஒரு எண் அல்ல, இரண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

அப்புறம், இது எந்தச் சர்க்கரை? பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் அதில் உள்ள இனிப்பு கணக்கில் வராது. பாலில் உள்ளதும் வராது. நாமோ கம்பெனியோ சேர்க்கும் சர்க்கரை வரும். தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாகவே இருப்பதும் வரும். அப்படியென்றால் கருப்பட்டி? நாட்டுச் சர்க்கரை? சேர்த்தால் அதுவும் கணக்கில்தான். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டோம் என்று பெருமையாக நாட்டுச் சர்க்கரைக் காப்பி குடிப்பவர்களுக்கு இது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். கருத்துப் பெட்டி கீழே இருக்கிறது, திட்டலாம்.

சரி, குழுவுக்கு வருவோம்.

[திரையில்: நீள மேசை, சுற்றிலும் நாற்காலிகள், குவியலாகக் காகிதங்கள்]

உலக சுகாதார நிறுவனத்தில் உணவு, ஊட்டச்சத்து தொடர்பான வழிகாட்டுதல்களுக்கென்று ஒரு நிபுணர் ஆலோசனைக் குழு இருக்கிறது. பல நாடுகளின் மருத்துவர்கள், ஊட்டச்சத்து ஆய்வாளர்கள், புள்ளியியல் தெரிந்தவர்கள் அதில் இருப்பார்கள். அவர்கள் தங்கள் நாட்டின் பிரதிநிதிகளாக வருவதில்லை, தனி மனிதராகத்தான் உட்காருகிறார்கள். சம்பளம் கிடையாது. உட்காரும் முன்பே எந்தக் கம்பெனியிடம் பணம் வாங்கினார்கள், எதில் பங்கு வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு சந்தேகம் எதற்கு என்று கேட்டால், அதற்குக் காரணம் இருக்கிறது. 1967-ல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில், ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரை வந்தது. இதய நோய்க்கு முக்கியக் காரணம் கொழுப்புதான், சர்க்கரை மீதான சந்தேகத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை என்பது அதன் சாரம். அதற்குப் பின்னால் சர்க்கரைத் தொழில் அமைப்பு ஒன்று 6,500 டாலர் கொடுத்திருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் காலத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதியும் இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டி 2016-ல் மூன்று ஆய்வாளர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட 50 வருடம் கழித்து!

10 சதவீதம் என்ற எண்கூடப் புதிதல்ல. 1990-லேயே ஒரு நிபுணர் குழு அதைச் சொல்லிவிட்டது. சர்க்கரைத் தொழில் அப்போதே சண்டைக்கு வந்தது. 2003-ல் இன்னொரு குழு அதையே திரும்பச் சொன்னபோது மறுபடியும் வெடித்தது. அமெரிக்கச் சர்க்கரைச் சங்கம் உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய தலைவர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்டுக்கு நேரடியாகவே கடிதம் எழுதியது. அறிக்கையை விலக்கிக்கொள்ளாவிட்டால், அமெரிக்கா உங்களுக்குத் தரும் 40 கோடி டாலரைக் கேள்விக்குள்ளாக்குவோம் என்பது அதன் சாரம். 25 சதவீதம் வரை சர்க்கரை இருக்கலாமே என்பது அவர்கள் கட்சி. 25 சதவீதம் என்றால் நம் கணக்குப்படி சுமார் 31 டீஸ்பூன். அறிக்கை விலக்கப்படவில்லை. 10 அப்படியே நின்றது.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நிபுணர் குழுக்கள் வேலை செய்த முறையிலும் குறை இருந்தது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், தங்களுக்குத் தெரிந்த ஆய்வுகளை வைத்து முடிவெடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகள் பலவற்றில் சான்றுகளை முறையாகத் தேடித் தொகுக்கும் பழக்கமே இல்லை என்று 2007-ல் ஒரு ஆய்வு போட்டு உடைத்தது. அதே ஆண்டில் வழிகாட்டுதல்களைச் சரிபார்க்க ஒரு குழுவையே நிறுவனம் உள்ளுக்குள் அமைத்தது. குழுவுக்கு மேல் இன்னொரு குழுவா என்று சிரிக்காதீர்கள். அதன் பிறகுதான் ஆட்டத்தின் விதி மாறியது.

[திரையில்: புனல். மேலே ஆயிரக்கணக்கான தாள்கள், கீழே சில மட்டும்]

புதிய முறையில் குழு முதலில் கேள்வியை எழுதி வைக்கிறது. சர்க்கரையைக் குறைத்தால் எடை குறையுமா? சொத்தைப் பல் குறையுமா? பிறகு அந்தக் கேள்வியை வெளியே ஆய்வாளர்களிடம் கொடுத்துவிடுகிறது. எடை பற்றிய வேலை நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனது. ஜிம் மானும் உடன் பணியாற்றியவர்களும் 7,895 சோதனைகளைச் சலித்தார்கள். தேறியவை 30. நீண்ட காலம் மனிதர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் 9,445 கிடைத்தன, தேறியவை 38. நம் ஊரில் அரிசி புடைப்பது போல என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அரிசி புடைத்தால் இவ்வளவு உமி போகாது.

கிடைத்த விடை நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு நாடகத்தனமானது அல்ல. கட்டுப்பாடின்றி இஷ்டம்போல் சாப்பிடும் பெரியவர்கள் சர்க்கரையைக் குறைத்தபோது, சராசரியாக 0.8 கிலோ குறைந்தது. கூட்டியபோது 0.75 கிலோ கூடியது. ஆனால் சர்க்கரையை எடுத்துவிட்டு அதே கலோரிக்கு வேறு மாவுச்சத்தைக் கொடுத்தால் எடையில் மாற்றமே இல்லை. அதாவது எடை விஷயத்தில் சர்க்கரைக்குத் தனி விஷத்தன்மை எதுவும் தெரியவில்லை. நம்மை அறியாமல் கூடுதலாகச் சாப்பிட வைக்கிறது, அதுதான் அதன் வேலை. ஒரு கேன் குளிர்பானத்தில் சுமார் 40 கிராம், பத்து டீஸ்பூன், போகிறது. குடித்துவிட்டு இட்லியை ஒன்று குறைத்துக்கொள்வீர்களா? யாரும் குறைப்பதில்லை.

பல் பற்றிய வேலை இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 5,990 கட்டுரைகளில் தகுதி பெற்றவை 55. பல் எப்படித் தொற்றா நோயில் வந்தது என்கிறீர்களா? உலகத்தில் மிக அதிகம் பேரைப் பிடித்திருக்கும் தொற்றா நோயே சொத்தைப் பல்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம்.

[திரையில்: கறுப்பு வெள்ளை. போருக்குப் பிந்தைய ஒரு ஜப்பானியத் தெரு]

10 சதவீதத்துக்குக் கீழே போனால் பல்லுக்கு நல்லது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று கிடைத்துவிட்டது. 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லதா? இதை எப்படிச் சோதிப்பது? ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் சர்க்கரையே தராமல் இருக்க முடியுமா? யாரும் வேண்டுமென்று செய்ய மாட்டார்கள். போர் செய்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானில் ஒருவருக்கு ஆண்டுக்கு 15 கிலோ சர்க்கரை கிடைத்தது. 1946-ல் அது 0.2 கிலோ. வெறும் 200 கிராம், ஒரு வருடத்துக்கு! அந்த ஆண்டுகளில் பிள்ளைகளின் பற்களைப் பார்த்து எழுதி வைத்திருந்தார்கள். சர்க்கரை குறைந்த காலத்தில் சொத்தையும் குறைவாகவே இருந்தது.

இந்தச் சான்றுக்கு எவ்வளவு மதிப்பெண் போடலாம்? குழு பயன்படுத்தும் 'கிரேடு' முறையில் நான்கு படிகள்: உயர்ந்தது, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு. போர்க்கால ஜப்பானில் சர்க்கரை மட்டுமா மாறியது? சாப்பாடே மாறியது, வாழ்க்கையே மாறியது. ஆகவே குழு போட்டது 'மிகக் குறைவு'. தங்கள் கையில் இருப்பது பலவீனமான சான்று என்று அறிக்கையிலேயே எழுதி வைத்தார்கள்.

2015 மார்ச் 4 அன்று வழிகாட்டுதல் வெளியானது. 10 சதவீதத்துக்குக் கீழே: வலுவான பரிந்துரை. 5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது நம் ஆறு டீஸ்பூன்: நிபந்தனைப் பரிந்துரை. வலுவானது என்றால் ஓர் அரசு பெரும்பாலும் அப்படியே கொள்கையாக எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை என்றால் முதலில் உங்கள் நாட்டில் சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டிப் பேசுங்கள், விவாதியுங்கள், பிறகு முடிவெடுங்கள். பலவீனமான சான்றை வைத்துக்கொண்டு ஏன் சொன்னார்கள்? பல்லில் விழும் சேதம் வயதோடு கூடிக்கொண்டே போகும், சர்க்கரையைக் குறைப்பதால் கெடுதல் எதுவும் இல்லை, அதனால்தான். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் எது வந்தது என்று பாருங்கள். வலுவான 12 டீஸ்பூன் வரவில்லை. பலவீனமான ஆறுதான் வந்தது, அதுவும் நிபந்தனையைக் கழற்றி வைத்துவிட்டு.

போகிற போக்கில் இன்னொன்று. 2023 ஜூலை 14 அன்று ஒரே நாளில் இரண்டு நிபுணர் குழுக்கள் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைப் பற்றிப் பேசின. ஒன்று "புற்றுநோய் தரச் சாத்தியம் உண்டு" என்ற பட்டியலில் போட்டது. இன்னொன்று, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. டிவியில் முரண்பாடு, முரண்பாடு என்று ஒரே சத்தம். முரண்பாடு இல்லை. முதல் குழுவின் கேள்வி, இந்தப் பொருளால் தீங்கு நேர வழி உண்டா என்பது. இரண்டாவதின் கேள்வி, எவ்வளவு வரை சாப்பிடலாம் என்பது.

[திரையில்: இலங்கையின் குளிர்பானப் புட்டி. லேபிளில் சிவப்பு வட்டம்]

நிபுணர்கள் சொல்லியாயிற்று. செய்வது யார்? 2017-ல் உலக சுகாதார நிறுவனம் தொற்றா நோய்களுக்காக ஓர் உயர்மட்ட ஆணையம் அமைத்தது. இதில் அரசியல் தலைவர்களும் உண்டு. இணைத் தலைவர்களில் ஒருவர் அன்றைய இலங்கை அதிபர் மைத்திரிபால சிறிசேன. அவர் முன்னாள் சுகாதார அமைச்சரும்கூட. இன்னொருவர் பாகிஸ்தானின் மருத்துவர் சானியா நிஷ்தார். 2018 ஜூன் 1 அன்று அறிக்கை வந்தது. குளிர்பானங்களுக்குச் சர்க்கரை வரி போடுங்கள் என்ற பரிந்துரை அதில் இல்லை. பல உறுப்பினர்கள் ஆதரித்தும் கருத்து வேறுபாடு தீராததால் சேர்க்க முடியவில்லை என்று அறிக்கையே ஒப்புக்கொண்டது. எதிர்த்தது அமெரிக்கத் தரப்பு என்று செய்திகள் வந்தன. ஜப்பான் பல் ஆய்வுக்கு மதிப்பெண் போட்ட மேசையும் இந்த மேசையும் ஒன்றல்ல என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

இதில் வேடிக்கை, இணைத் தலைவரின் நாடு ஆணையத்துக்காகக் காத்திருக்கவில்லை. இலங்கையில் 2016 ஆகஸ்ட்டிலேயே குளிர்பானங்களில் நிற அடையாளம் வந்துவிட்டது. 100 மில்லிலிட்டரில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு. 2017 நவம்பரில், ஒரு கிராம் சர்க்கரைக்கு 50 சதம் என்று வரியும் போட்டார்கள். பின்னால் அதைக் குறைத்தும் விட்டார்கள், அது வேறு கதை.

இந்தியாவில்? குளிர்பானத்துக்கு வரி 40 சதவீதம். ஆனால் அந்த வரி சர்க்கரையைப் பார்ப்பதில்லை. 'ஜீரோ சுகர்' என்று எழுதிய கேனுக்கும் அதேதான். அதனால் சர்க்கரையைக் குறைத்தால் வரி குறையும் என்ற ஆசை கம்பெனிக்கு வர வழியில்லை.

[திரையில்: பள்ளி வராந்தா. சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை]

2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளுக்குக் காட்டும் 'சுகர் போர்டு' ஒன்றை ஒவ்வொரு பள்ளியும் வைக்க வேண்டும். காரணமும் சொல்லியிருந்தார்கள்: 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் கலோரியில் 13 சதவீதமும், 11 முதல் 18 வயதில் 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்து வருகிறது, பரிந்துரைக்கப்பட்ட வரம்போ 5 சதவீதம்.

அதே 5. வலுவான 10 அல்ல, விவாதித்து முடிவெடுங்கள் என்று 2015-ல் வந்த 5. நான் பலகைக்கு எதிரியல்ல. என் அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு வந்து டப்பாக்களைத் திருப்பி லேபிள் படிக்க ஆரம்பித்திருக்கிறாள், நல்லதுதான். போன வாரம் என்னிடம் கேட்டாள்: "மாமா, இந்த அஞ்சு எங்கேருந்து வந்துச்சு?" ஜப்பான் என்றேன். நம்பவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.