வாசற்படி ஜெபம்

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஜனவரியில், பொங்கல் கூட்டம் ஓய்ந்த மறுவாரம், நானும் என் வீட்டுக்காரரும் தாம்பரத்திலிருந்து இடையன்குடி வரைக்கும் காரில் போனோம். அவருக்கு 71 வயது, எனக்கு 67. காருக்கு 12. மூன்று பேரில் அது ஒன்றுதான் மாத்திரை சாப்பிடாதது.

"ராத்திரி ரயிலில் படுத்தால் காலையில் திருநெல்வேலி. எதுக்குப்பா இந்த வேலை?" என்று மகன் கேட்டான். இவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கேள்வி கேட்டால் பதில் வராது, பாடம்தான் வரும். "1838-இல் சென்னைக்கு வந்த கால்டுவெல் ஐயர், 1841-இல் இங்கேயிருந்து இடையன்குடிக்கு நடந்தே போனார், தெரியுமா? சிதம்பரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், அப்புறம் நீலகிரி ஏறி இறங்கி, மதுரை, திருநெல்வேலி. அப்ப அவருக்கு 27 வயசு. 27-இல் அவர் நடந்த பாதையில் 71-இல் நான் வண்டி ஓட்டக்கூடாதா?"

எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். வேறு ஊர் நேயர்கள் குழம்ப வேண்டாம்.

ஆக, விழுப்புரம், திருச்சி என்று நேராக இறங்கும் நாலுவழிச் சாலையை விட்டுவிட்டு, கடலோரமாகப் போவது என்று முடிவாயிற்று. நீலகிரியை மட்டும் கால்டுவெல் ஐயருக்கே விட்டுவிட்டோம். பொழுது சாய்ந்த பிறகு வண்டி ஓட்டுவதில்லை என்பது அவரே போட்ட சட்டம். "ஐயர் ராத்திரியிலா நடந்தார்?" என்றார். நியாயமாகத்தான் இருந்தது.

லைசென்சும் சரியாக இருந்தது. 55 வயது தாண்டிவிட்டால் ஐந்து ஐந்து வருஷமாகத்தான் புதுப்பிப்பார்கள், டாக்டர் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் எழுதிய டாக்டர் இவரிடம் எட்டாம் வகுப்பில் தமிழ் படித்த பையன். "ஐயா, உங்க கண்ணை நான் சோதிக்கிறதா?" என்று எழுந்து நின்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கிளம்புகிற காலையில் 121-ஆம் சங்கீதம் வாசித்து ஜெபம் செய்தோம். டிக்கியில் வீட்டுக்கு ஒரு பை: ஆப்பிள், பிஸ்கட், சர்க்கரை இருக்கிறவர்களுக்கு ஓட்ஸ். சர்க்கரை இல்லாத வீடு இரண்டுதான்.

முதல் நாள் பொறையாறு. தரங்கம்பாடியை ஒட்டிய ஊர். பயிற்சிக் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் அங்கே தனியாக இருக்கிறாள். லுத்தரன் சபைக்காரி. 1706 ஜூலை 9-ஆம் தேதி ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய கரை அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று அந்தக் காலத்திலேயே விடுதியில் பீற்றிக்கொள்வாள். புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் கட்டியது. மறு வருஷமே சீகன்பால்கு இறந்து, அங்கேயே அடக்கம். அவர் வைத்த அச்சுக்கூடத்துக்குக் காகிதம் பத்தாமல் பக்கத்திலேயே காகிதம் செய்யப் பட்டறை போட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். "கடுதாசிப்பட்டறை பக்கத்தில் இருக்கிறவ, எனக்கு ஒரு கடுதாசி போட்டியா?" என்று நான் கேட்க, அவள் சிரிக்க, மத்தியானம் வஞ்சிர மீன் குழம்போடு நன்றாகத்தான் போனது. பென்ஷன், மூட்டுவலி, செத்துப்போன வாத்தியார்கள், எல்லாம் பேசினோம்.

மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாயிற்று. எங்கள் வழக்கப்படி கேட்டேன்: "என்ன காரியத்துக்கு ஜெபிக்கணும்?"

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நானும் தங்கச்சியும் பேசி 14 வருஷமாச்சு. அதுக்கு ஜெபி" என்றாள்.

ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்கப் பேசியிருக்கிறோம். தங்கச்சி எப்படி இருக்கா என்று நான் கேட்டதற்கு, "இருக்கா" என்று முந்தின நாள் மத்தியானமே சொல்லியிருந்தாள்.

நேயர்களே, நான் இங்கே சொல்ல வந்தது இந்த வாசற்படியைப் பற்றித்தான். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் ஜெபம் செய்யாமல் விருந்தாளியை அனுப்ப மாட்டார்கள். அது பழக்கம், பாதி நேரம் சடங்கும்கூட. கண்ணை மூடியபடியே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு ஆமென் சொன்ன ஜெபங்கள் எனக்கு நிறைய உண்டு. ஆனால் ஜெபத்துக்கு முன்னால் கேட்கிற அந்தக் கேள்வி இருக்கிறதே, அதற்குப் பொய் சொல்ல ஆளுக்கு வாய் வராது. சோபாவில் உட்கார்ந்து "எப்படி இருக்கீங்க" என்றால் "கர்த்தர் கிருபையில் நல்லா இருக்கோம்" என்பார்கள். அதே ஆள், நாம் பையைத் தூக்கின பிறகு, நின்றுகொண்டு, வேறு ஒன்று சொல்வார். அதனால் மறுநாளிலிருந்து என் கணக்கை மாற்றினேன். பத்து மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஒன்பதரைக்கே பையைத் தூக்கிவிடுவேன்.

மயிலாடுதுறை வழியாகக் கும்பகோணம். சந்தைக் கூட்டத்துக்குள் ஒரு பைக் வலது பக்கமாக வந்து எங்கள் கதவை உரசிவிட்டுப் போனது. நீளமாக ஒரு கோடு. "எங்கிருந்து முளைச்சான்?" என்று இவர் கோபப்பட்டார். அதற்குப் பிறகு வண்டியை ஒதுக்குகிறபோதெல்லாம், "டீச்சர், வலது பக்கம் ஏதாவது வருதா பாரு" என்று கேட்க ஆரம்பித்தார். அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். 43 வருஷமாக.

கும்பகோணத்தில் இவரோடு வேலை பார்த்த இன்னொரு தமிழாசிரியர் இருக்கிறார். நெற்றி நிறைய விபூதி, தேவாரம் முழுக்க மனப்பாடம். இரண்டு பேரும் சந்தித்துவிட்டால் கால்டுவெல் எழுதிய ஒப்பிலக்கணத்தில் ஆரம்பித்து எங்கேயோ போய் நிற்பார்கள். 1856-இல் வந்த புத்தகத்துக்கு இன்னும் சண்டை. அந்த அம்மா டிகிரி காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் காப்பி. மூன்றாவது தடவையும் தட்டோடு வந்தபோது, சார் எழுந்து போய்ச் சத்தமில்லாமல் தட்டை வாங்கிக்கொண்டார். நாங்கள் அந்த மூன்றாவது காப்பியையும் குடித்தோம்.

அவர்கள் வீட்டில் நாங்கள் ஜெபத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அது மரியாதை. விடைபெற்றுத் தெருவில் இறங்கிவிட்டோம். அவரே பின்னாடி வந்து கார் கண்ணாடியில் கை வைத்து, "ஓய், கிளம்புறப்ப ஏதோ ஜெபம் பண்ணுவீங்களே, எங்க வீட்டுல பண்ணமாட்டீரா?" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "என் பேரு அவ ஞாபகத்துல இருக்கிறவரைக்கும் நான் சமாளிச்சுக்குவேன். நேத்து என்னைப் பார்த்து, யார் வேணும்னு கேட்டா" என்றார்.

இவர் இறங்கி, நடுத்தெருவில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தது. என்ன சொல்லி ஜெபித்தார் என்று எனக்குக் கேட்கவில்லை. தமிழாசிரியர் ஜெபம் வழக்கமாக நீளமாக இருக்கும். அன்றைக்கு இரண்டு வரிதான்.

தஞ்சாவூரில் யாரையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய சிநேகிதி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அதனால் சிவகங்கைப் பூங்காவில் இருக்கிற சுவார்ட்ஸ் ஆலயத்துக்குப் போனோம். உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம், சரபோஜி மன்னர் லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் செய்யச்சொல்லி வரவழைத்தது. 1798-இல் சுவார்ட்ஸ் ஐயர் சாகக் கிடக்கிறார், மன்னர் கட்டிலருகே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் சிற்பம். போர் இல்லை, யானை இல்லை. ஒரு ராஜா கல்லில் செதுக்கி வைக்க விரும்பியது, தான் நோயாளியைப் பார்க்கப் போன ஒரு சாயங்காலத்தை. காலையா சாயங்காலமா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்கச் சாயங்காலம்தானே போவோம்.

மதுரையில் தம்பி வீட்டில் ஒரு ராத்திரி. டிவி ஓடிக்கொண்டே இருந்தது. பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்துக் கோயிலில் ஞாயிறு ஆராதனை, பாதிக் கோயில் பழைய மாணவர்கள், வெளியே வர ஒரு மணி நேரம்.

அதற்குப் பிறகு எங்கள் மண். செம்மண் தேரி, பனை, நடுநடுவே கோயில் கோபுரம். பேரன் போனில், "பாட்டி, எங்க இருக்கீங்க?" என்று கேட்டான். "நாசரேத்" என்றேன். "ஃபிளைட்லயா போனீங்க?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சமாரியா என்றும் எங்களுக்கு ஊர் உண்டு. மெஞ்ஞானபுரத்து மைனியிடம் வழி கேட்டால், "எதுக்கு மேப்பு? கோபுரத்தைப் பிடிச்சு வாங்க" என்பாள். 192 அடிக் கோபுரம். பனங்காட்டுக்கு மேலே அது மட்டும் தனியாகத் தெரியும்.

முதலூரில் பத்து நிமிஷம் நிற்பதாகச் சொல்லி இரண்டு மணி நேரம் ஆயிற்று. 1799-இல் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று நிலம் வாங்கிக் குடியேறிய முதல் ஊர், அதனால்தான் அந்தப் பெயர். இன்றைக்கு ஊர் மானத்தைக் காப்பாற்றுவது மஸ்கோத் அல்வா. நெய் கிடையாது. கோதுமைப்பால், தேங்காய்ப்பால், சீனி, முந்திரி, அப்புறம் கிண்டுகிறவர் கைவலி. இரண்டு கிலோ வாங்கினோம். பனங்கிழங்குக் காலம் வேறு. டிக்கியில் ஓட்ஸ் பைகள் போன இடத்தில் கிழங்குக் கட்டு ஏறியது.

கடைசியாக இடையன்குடி. பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-இல் வேலை ஆரம்பித்து 1880-இல்தான் பிரதிஷ்டை. 33 வருஷம். கால்டுவெல் ஐயரும் அங்கேதான் அடக்கம். இவர் பீடத்துக்கு முன்னால் நின்று, "வந்துட்டோம் ஐயரே" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஐயர் மனைவி எலைசாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நீண்ட நாள் குறை. நாகர்கோவிலில் பிறந்தவர் அந்த அம்மா. ஊர்ப் பெண்களுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார். என் பெரியம்மா வீட்டு மேசை மேல் இன்னும் ஒரு ரேந்தை விரிப்பு கிடக்கிறது. அவளுடைய ஆத்தாள் பின்னியது.

பெரியம்மாவுக்கு 88 வயது. "வாங்க பிள்ளைகளா, காப்பி குடிக்கியளா?" என்பதில் ஆரம்பித்து, யார் யாருக்குப் பிள்ளை, யார் எந்தக் காணியை விற்றான் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நான் ஒன்பதரைக் கணக்குப்படி பையைத் தூக்கினேன். வாசலுக்கு வந்தோம். "பெரியம்மா, என்ன காரியத்துக்கு ஜெபிக்கணும்?"

"எனக்கு என்ன இருக்கு? ஆண்டவர் கூப்பிடணும், அவ்வளவுதான். ஒங்களுக்குச் சொல்லுங்க. என்னத்துக்கு ஜெபிக்க?"

அத்தனை வீட்டில் ஒருவரும் எங்களைத் திருப்பிக் கேட்கவில்லை. "பிள்ளைகளுக்காக ஜெபிங்க" என்று நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"வலது கண்ணு" என்றார் இவர். "ஓரம் மறைக்குது பெரியம்மா. ஆறு மாசமா. வர்ற வண்டி கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது. டீச்சர்கிட்ட சொல்லலை."

பெரியம்மா எக்கி அவர் கண் மேலேயே கையை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடவில்லை. முற்றத்தில் வேப்பமரத்தடியில் கார் நின்றது. கதவில் அந்தக் கோடு. டாக்டர் பையன் எழுந்து நின்றதும், ராத்திரி ஓட்டமாட்டேன் என்ற சட்டமும், வலது பக்கம் பாரு டீச்சர் என்றதும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பெரியம்மா ஆமென் சொன்னபோது நான் சொல்ல மறந்துவிட்டேன்.

சாவியை நான் கேட்கவில்லை. அவரே சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

சென்னையில் கண் டாக்டர் பார்த்தார். கண்ணில் பிரஷர், போன பார்வை திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார். விட்டுக்கொண்டிருக்கிறோம், காலையும் ராத்திரியும்.

திரும்பி வந்தது நாலுவழிச் சாலையில். மைனி மகன் ஓட்டினான். இவர் முன்சீட்டில் இடது பக்கம். லாரியைத் தாண்ட அவன் வண்டியை ஒதுக்கும்போதெல்லாம், "தம்பி, வலது பக்கம் பார்த்துக்கோ" என்பார். "பாத்துட்டேன் மாமா" என்பான் அவன். கோவில்பட்டி வரைக்கும் இப்படியே வந்தது. அதற்கப்புறம் தூங்கிவிட்டார்.

வணக்கம்.