ஓட்டுநர்கள் என் பேச்சைக் கேட்பதில்லை, எதை முதலில் மாற்றுவது?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. உடற்கல்வி ஆசிரியராக இருந்தவரை இந்த ஆண்டு பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 18 பேருந்துகள். “ஓட்டுநர்கள் எல்லாம் பத்துப் பதினைந்து வருடமாக இருப்பவர்கள், நேற்று வந்தவன் என்று என்னை மதிப்பதில்லை. எல்லா வண்டிக்கும் ஜி.பி.எஸ். போட்டால் சரியாகிவிடும் என்று தாளாளர் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?” இதுதான் கேள்வி.

தம்பி, உங்கள் பள்ளியில் முதலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு ஓட்டுநர் சாயங்காலம் வந்து, “சார், பிரேக் ஒரு பக்கம் இழுக்குது” என்று சொன்னால் அவருக்கு என்ன நடக்கிறது? நன்றி சொல்கிறார்களா, இல்லை “நீ எப்படி ஓட்டினாய்?” என்று விசாரணை தொடங்குகிறதா?

நான் 22 வருடம் இந்த வேலையில் இருந்தேன். முதலில் சேர்ந்த பள்ளியில் கண்ணாடி உடைந்தாலோ, பின்பக்கம் இடித்தாலோ சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதனால் யாரும் எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஒடுங்கிய இடத்தை ஓட்டுநரே கைக்காசு போட்டு பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார். ஒரு வண்டியில் அவசர வழிக் கதவு திறக்காமல் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது. ஓட்டுநருக்குத் தெரியும், ஆயாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மே மாதம் ஆர்.டி.ஓ. ஆய்வுக்கு வண்டியைத் தயார் செய்யும்போதுதான் கண்ணில் பட்டது. அந்த வண்டியில் தினமும் ஐம்பது பிள்ளைகள் போய் வந்தார்கள். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஓடுகிற பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று கீழே விழுந்து, அதே வண்டியின் சக்கரத்தில் சிக்கி இறந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று சிறப்பு விதிகள் வந்தது அந்த ஆண்டுதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். தரை ஒரே நாளில் ஓட்டையாகிவிடாது. வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற அதிகாரியை விட, தினமும் அந்த வண்டியில் ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் அது முன்னாலேயே தெரியும். தெரிந்ததைச் சொல்ல அவர்களுக்கு ஒரு வழி வேண்டும், சொன்னால் ஒன்றும் ஆகாது என்ற தைரியமும் வேண்டும்.

அதனால் முதல் வேலையாக, தாளாளரிடம் பேசி சம்பளப் பிடித்தத்தை நிறுத்துங்கள். குடித்துவிட்டு வந்தால், போன் பேசிக்கொண்டு ஓட்டினால் நடவடிக்கை எடுங்கள், அதில் தயவே வேண்டாம். பழுதைச் சொன்னதற்காக மட்டும் யாருக்கும் ஒரு ரூபாய் குறையக் கூடாது. அப்புறம் வண்டிக்கு ஒரு நோட்டு. ஓட்டுநர் எழுதட்டும், ஆயாவும் எழுதட்டும். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கே பதில் போட வேண்டும், ‘வெள்ளிக்கிழமை ஒர்க்‌ஷாப்’ என்று ஒரு வரி இருந்தால் கூடப் போதும்.

ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு மாதம் புகார் குவியும், செலவு ஏறும். ‘இவர் வந்தபிறகுதான் வண்டியெல்லாம் கெட்டுப்போச்சு’ என்று பேசுவார்கள். இத்தனை நாள் மறைந்திருந்தது இப்போது வெளியே வருகிறது, அவ்வளவுதான். இதைத் தாளாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் மூன்றாவது மாதம் நோட்டை மூடச் சொல்லிவிடுவார்.

இரண்டாவது, வண்டியில் ஏறுங்கள். வாரத்துக்கு மூன்று ரூட், காலையில் வண்டி நிற்கும் ஊரிலிருந்தே ஏறுங்கள். ஓட்டுநரை அண்ணே என்று கூப்பிடுங்கள், கையில் பேப்பரும் பேனாவும் வேண்டாம். பல பள்ளிகளில் ஒரே வண்டி காலையில் இரண்டு ட்ரிப் அடிக்கும். முதல் ட்ரிப்பில் பத்து நிமிடம் போனால் இரண்டாவது ட்ரிப்பில் அதை விரட்டிப் பிடிப்பார்கள். ‘வேகமாக ஓட்டுகிறார்’ என்று நாம் திட்டுவோம், அந்த நேர அட்டவணையைப் போட்டது நாம்தான். நான் ஒரு ரூட்டில் ஏழரை மணி வண்டியை ஏழே கால் ஆக்கினேன். பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள், நேரில் போய்ப் பேசினேன். அந்த ஓட்டுநர் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

ரூட்டில் ரயில்வே கேட் இருந்தால் அந்தக் காத்திருப்பையும் நேரக் கணக்கில் சேருங்கள். 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். கேட் திறந்தே இருந்தாலும் வண்டியை நிறுத்தி, ஆயா இறங்கி இரண்டு பக்கமும் பார்த்து, கை காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். தாமதமானால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற உறுதியை ஓட்டுநருக்குக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

அடுத்தது ரிவர்ஸ். 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வேனில் அடிபட்டு இறந்தான். அதன்பிறகுதான் விதிகளைத் திருத்தி, முன்னும் பின்னும் கேமராவும் பின்பக்கம் சென்சாரும் கட்டாயமாக்கினார்கள். இரண்டும் அவசியம். ஆனால் வளாகத்தில் ரிவர்ஸ் எடுக்கிற தேவையையே குறைக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு கேட்டில் நுழைந்து மறு கேட்டில் வெளியேறும்படி செய்யலாம். ஒரே கேட்தான் என்றால், பிள்ளைகளை வெளியே விடுவதற்கு முன்பே எல்லா வண்டியும் திரும்பி நிற்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை, சுண்ணாம்புக் கோடு போதும்.

சம்பளம் பற்றியும் சொல்ல வேண்டும். கோடை விடுமுறைக்குச் சம்பளம் தராத பள்ளியில் நல்ல ஓட்டுநர்கள் மே மாதம் லாரிக்குப் போய்விடுவார்கள், ஜூனில் பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள். நீங்கள் வருடம் முழுவதும் சொல்லிக்கொடுத்தது அவர்களோடு போய்விடும். இதைத் தாளாளரிடம் துணிந்து கேளுங்கள்.

சரி, ஜி.பி.எஸ். போடலாம், நல்லதுதான். ஆனால் ‘உங்களைக் கண்காணிக்கப் போகிறோம்’ என்று சொல்லிப் போடாதீர்கள். காலையில் ஓட்டுநரின் போனுக்கு எத்தனை அழைப்பு வருகிறது என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். “அண்ணே, எங்க வர்றீங்க?” என்று ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் கேட்பார்கள். வண்டி எங்கே வருகிறது என்று பெற்றோர் தங்கள் போனிலேயே பார்த்துக்கொண்டால் அந்த அழைப்புகள் குறையும். அவசரத்துக்கு அலுவலக எண்ணை மட்டும் கொடுங்கள். ஓட்டும் நேரத்தில் ஓட்டுநரின் போன் ஆயாவின் பையில் இருக்கட்டும்.