உமி பாய்லர் புகையில் மின்சாரம் எடுக்கலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் வாடிப்பட்டிப் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை நடத்தும் அன்பர் ஒருவர் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அப்படியே படிக்கிறேன். “எங்கள் ஆலையில் மணிக்கு 2 டன் நீராவி தரும் பாய்லர் இருக்கிறது. உமிதான் எரிக்கிறோம். புகைபோக்கியில் 220 டிகிரி காட்டுகிறது. குழாயைச் சுற்றித் தட்டுகளை ஒட்டிவைத்தால் அந்தச் சூட்டிலேயே மின்சாரம் வரும், மின்கட்டணம் பாதியாகும் என்று ஒருவர் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். செய்யலாமா?”

ஐயா, நீங்கள் சூட்டை அளந்து எழுதியிருப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பலரும் “கை வைக்க முடியவில்லை” என்று மட்டும் எழுதுவார்கள். அதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் வயலுக்குப் பாயும் பெரியாற்றுத் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். மலைமேல் தேக்கடியில் இருக்கும் நீர் சுரங்கம் வழியாக வந்து, லோயர் கேம்ப்பில் செங்குத்தாக இறங்கும் இடத்தில் மின்சாரம் தருகிறது. அதே தண்ணீர் வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, கால்வாயில் உங்கள் ஊருக்கு வரும்போது அளவில் ஏராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் கால்வாயில் யாரும் அந்த அளவுக்கு மின்சாரம் எடுக்க முடியாது, ஏனென்றால் உயரம் போய்விட்டது. நெல்லுக்கு மட்டும் அது இன்னும் அமுதம்தான். சூட்டுக்கும் இதே கதை. வெப்பத்தில் உயரம் என்பது அதன் டிகிரி. அதுவும் எதற்கு மேல் எத்தனை டிகிரி என்பது முக்கியம். சித்திரை மாதத்தில் மதுரையில் காற்றே 40 டிகிரி. உங்கள் 220 டிகிரி அங்கிருந்துதான் எண்ணப்படும். இந்த இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையில் எந்த இயந்திரத்தை வைத்தாலும், எவ்வளவு திறமையாகச் செய்தாலும், 36 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரமாக மாற்ற இயற்கை விடாது. புகை ஆற ஆற அந்த வரம்பும் இறங்கிக்கொண்டே வரும். 140 டிகிரிக்கு வரும்போது அது 24 விழுக்காடுதான். நடைமுறையில் இந்த அளவுச் சூட்டில் ஓடும் சிறிய இயந்திரங்கள் 8 முதல் 10 விழுக்காடு கொடுத்தாலே நல்லது.

இப்போது உங்கள் ஆலைக் கணக்குக்கு வருவோம். 2 டன் நீராவிக்கு மணிக்குச் சுமார் 550 கிலோ உமி எரியும். அந்தப் புகையை 220-லிருந்து 140 வரை ஆற்றினால் ஏறத்தாழ 100 கிலோவாட் வெப்பம் கிடைக்கும். அதற்குக் கீழே ஆற்றப் போனால் வேறு தொல்லைகள் வரும், பிறகு சொல்கிறேன். இந்த 100 கிலோவாட்டில் மின்சாரமாக 8 முதல் 10 கிலோவாட். அதிலும் பம்பு, விசிறி என்று ஒரு பங்கு போய்விடும். மீதி 90 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். குளிர்விக்கும் கோபுரம் வைத்துத் தள்ளினால் மணிக்கு 135 லிட்டர் தண்ணீர் ஆவியாகும். 20 மணி நேரம் ஓடும் ஆலையில் நாளுக்கு 2,700 லிட்டர். நம் பக்கத்தில் பங்குனிக்குப் பிறகு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விலைப்புள்ளியில் இருக்கும் தட்டுகள் வேறு வகை. இரண்டு வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் மின்னோட்டம் பிறக்கிறது என்று 1821-இல் சீபெக் என்ற விஞ்ஞானி கண்டறிந்ததன் வழி வந்தவை. பொய்யான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1977-இல் ஏவிய வாயேஜர் விண்கலங்கள் இதே விதியில்தான், புளுட்டோனியத்தின் சூட்டை வைத்து, இத்தனை ஆண்டுகளாகச் செய்தி அனுப்புகின்றன. யாரும் போய்ப் பழுது பார்க்க முடியாத இடத்துக்கு அது ஈடு இணையற்றது. ஆனால் உங்கள் புகைபோக்கியில் 5 விழுக்காடு கிடைப்பதே அரிது. உள்ளங்கையில் பாதி அளவுள்ள ஒரு தட்டு சில வாட் தரும். 5 கிலோவாட்டுக்கே ஆயிரத்துக்கும் மேல் வேண்டும். ஒவ்வொன்றின் பின்புறமும் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்கட்டணம் பாதியாகும் என்று சொன்னவரிடம், தட்டின் குளிர்ந்த பக்கம் எத்தனை டிகிரியில் இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அப்படியானால் யாருமே கழிவு வெப்பத்தில் மின்சாரம் எடுப்பதில்லையா என்றால், எடுக்கிறார்கள். சிமெண்ட் ஆலைகளில் சூளைக்குள் கலவை 1,450 டிகிரி வரை போகிறது. வெளிவரும் புகையே 300 டிகிரிக்கு மேல், இரவும் பகலும் ஒரே சீராக, மலைபோல் வருகிறது. அங்கே ஆலைக்குத் தேவையான மின்சாரத்தில் ஏறத்தாழக் கால் பங்கை இந்த வழியில் எடுக்க முடிகிறது. அந்த அளவும் சீரும் வேண்டும், ஐயா.

உங்களுக்கு நான் சொல்வது, அந்தச் சூட்டைச் சூடாகவே பயன்படுத்துங்கள். நெல்லுக்குள் நேராக விடும் நீராவி திரும்பி வருவதில்லை. அதனால் உங்கள் பாய்லருக்கு ஓயாமல் புதுத் தண்ணீர்தான், அதுவும் 30 டிகிரியில், போய்க்கொண்டிருக்கும். மேலே சொன்ன அதே 100 கிலோவாட், மணிக்கு 2,000 லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 73 டிகிரிக்கு ஏற்றிவிடும். மணிக்கு 40 கிலோ உமி மிச்சம். 20 மணி நேரத்தில் 800 கிலோ. நீங்கள் உமி விற்பவரா வாங்குபவரா என்று தெரியாது. உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள், பக்கத்தில் 8 கிலோவாட்டுக்கு மின்வாரியக் கட்டணத்தையும் எழுதிப் பாருங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதில் நான் அடிபட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆலையில் எக்கனாமைசர், அதாவது புகையின் சூட்டில் பாய்லர் தண்ணீரைச் சூடேற்றும் குழாய்த் தொகுதி, பொருத்தி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே குளிர்ச்சியாக அதற்குள் விட்டோம். மூன்றே மாதம். குழாய்க்கு உள்ளே உப்புப் படிவு. வெளியே, புகையில் இருந்த ஈரம் குளிர்ந்த குழாயில் வியர்த்து, உமிச்சாம்பலோடு குழைந்து, சுண்ணாம்புக் காரை மாதிரி அப்பிக்கொண்டது. தட்டித் தட்டி எடுத்தோம். புகையை மிகவும் ஆற்றக் கூடாது என்றது இதனால்தான். நீரை மென்னீராக்கிய பிறகே விட வேண்டும். வெளிவரும் சுடுநீரில் ஒரு பங்கைத் திருப்பிக் கலந்து, உள்ளே போகும் நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவந்து விட வேண்டும். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உப்புத்தாள் மாதிரி குழாயைத் தேய்த்துவிடும். அதனால் குழாய்களுக்கு இடையில் தாராளமாக இடம் விடச் சொல்லுங்கள், ஊதித் துடைக்க வழி வைக்கச் சொல்லுங்கள். கொதிகலன் ஆய்வாளரின் அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. மின்சாரம்தான் வேண்டும் என்று உங்கள் மனம் நின்றால், புகைபோக்கியை விட்டுவிட்டு நீராவிக் குழாயைப் பாருங்கள். பாய்லரில் 10 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் வைத்து, நெல் அவிக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு வால்வில் அதை 3 கிலோவாகக் குறைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லோயர் கேம்ப் அங்கேதான் இருக்கிறது! அந்த இறக்கத்தைச் சும்மா விடுகிறோம். வால்வுக்குப் பதிலாகச் சிறிய டர்பைன் ஒன்றை வைத்தால், 2 டன் நீராவியும் சீராக ஓடும்போது 30 முதல் 45 கிலோவாட் வரை கிடைக்கும். வெளிவரும் நீராவி நெல்லை வழக்கம்போல அவிக்கும், உமி மட்டும் சற்றுக் கூடுதலாக எரியும். இரண்டு சிக்கல்கள்: நெல் அவிப்பது தவணை தவணையாக நடப்பதால் நீராவி ஒரே சீராக ஓடாது, உலர்த்திக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படலாம். எனவே உடனே வாங்கப் போகாதீர்கள்.

மூன்று நாள், காலை, மதியம், இரவு என்று பாய்லர் அழுத்தம், வால்வுக்குப் பிந்தைய அழுத்தம், புகையின் சூடு, உள்ளே போகும் தண்ணீரின் சூடு, எரித்த உமி மூட்டை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி அனுப்புங்கள். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டு, அடுத்த பகுதியில் உங்கள் ஆலைக்கென்றே சொல்கிறேன்.