சேனல் புதுசா ஆரம்பிக்கிறீங்களா? சுங்கை சிப்புட்லேர்ந்து கொஞ்சம் பேசுவோம்

வணக்கம், வணக்கம்! சத்தம் சரியா கேக்குதா? பின்னால லோரி போகும், பொறுத்துக்குங்க. மலேசியாவுல, பேராக் மாநிலத்துல இருக்கிற சுங்கை சிப்புட் பெரிய ரோட்டோரமா உக்காந்திருக்கேன். செம்பனைக் குலை ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போற லோரியெல்லாம் இந்த நேரத்துலதான் வரிசை கட்டும். வீட்டுக்குள்ள எடுக்கலாம்னா அம்மா சீரியல் பார்க்கிறாங்க. அதுக்கு இந்த லோரியே தேவல.

சரி, விஷயத்துக்கு வரேன். கொஞ்ச நாளா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "அக்கா, நானும் சேனல் ஆரம்பிக்கப் போறேன். முதல் ஆயிரம் பேர சீக்கிரமா எப்படிப் பிடிக்கிறது?" பள்ளிக்கூடப் பையன் கேக்கிறான், கோலம் போடுற ஆண்ட்டி கேக்கிறாங்க, மீன் பிடிக்கப் போறத வீடியோ எடுக்கிற ஒரு அண்ணனும் கேட்டாரு. யாருமே "என்ன பேசுறது, யார்கிட்ட பேசுறது"ன்னு கேக்கல லா. ஆயிரம், ஆயிரம், ஆயிரம். அது ஒண்ணுதான்.

அந்த ஆயிரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியும்தானே? யூடியூப்ல விளம்பரக் காசுல பங்கு வேணும்னா 1,000 சப்ஸ்கிரைபர் இருக்கணும். கூடவே, கடைசி 12 மாசத்துல ஆளுங்க உங்க வீடியோவ 4,000 மணி நேரம் பார்த்திருக்கணும். இல்லன்னா 90 நாள்ல ஷார்ட்ஸுக்கு 10 மில்லியன் வியூ வேணும். இதுல 1,000ங்கிற நம்பர் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். பக்கத்துல இருக்கிற 4,000த்த எவனும் பார்க்கிறதில்ல. வகுத்துப் பாருங்களேன். ஆளுக்கு நாலு மணி நேரம் வருது. நீங்க போடுறது ஆறு நிமிஷ வீடியோன்னு வைங்க. அந்த ஆயிரம் பேரும் ஆளுக்கு நாப்பது வீடியோவ முழுசா உக்காந்து பார்க்கணும். உங்க சொந்தச் சித்தப்பா பார்ப்பாரா நாப்பது? ஷார்ட்ஸ தள்ளித் தள்ளிப் பார்க்கிற நேரம் இந்தக் கணக்குல சேராது, அதையும் சொல்லிடறேன்.

2023ல கீழ இன்னொரு படி வெச்சாங்க. 500 பேரு, 90 நாள்ல மூணு வீடியோ, 3,000 மணி நேரம். ஆனா அந்தப் படியில விளம்பரக் காசு கிடையாது. மெம்பர்ஷிப், சூப்பர் தேங்க்ஸ் மாதிரி, பார்க்கிறவங்க தன் பைலேர்ந்து எடுத்துக் கொடுக்கிறதுதான் வரும். யோசிங்க. உங்கள யாருன்னே தெரியாதவன் எதுக்கு உங்களுக்கு அஞ்சு வெள்ளி கொடுக்கப் போறான்?

இப்ப "சப்புக்கு சப்" கதைக்கு வருவோம். நம்ம ஆளுங்க வாட்ஸ்அப்ல குரூப்பே வெச்சிருக்காங்க. "நான் உனக்கு சப் பண்றேன், நீ எனக்குப் பண்ணு, ஸ்கிரீன்ஷாட் அனுப்பு." மொய்க்கு மொய் எழுதுற மாதிரி. சீ, மொய்யச் சொல்லி அத ஏன் கேவலப்படுத்தணும்? மொய் வைக்க வர்றவங்க மண்டபத்துக்கு வந்து, பந்தியில உக்காந்து, சாம்பார்ல உப்பு கம்மின்னு குறையாவது சொல்லிட்டுப் போவாங்க. சப்புக்கு சப் பண்றவன் வாசப்படி கூட மிதிக்கமாட்டான். பட்டனத் தட்டிட்டு அடுத்த சேனலுக்குப் போயிடுவான்.

அது யூடியூப் விதிக்கும் ஆகாது. போலி ஈடுபாடுன்னு ஒரு விதி இருக்கு, அதுல சப்புக்கு சப் கூடாதுன்னு பேரு சொல்லியே போட்டிருக்கான். எந்த வீடியோவ ஆளுங்களுக்குக் காட்டுறதுன்னு முடிவு பண்றதுல, 2012லயே வியூ எண்ணிக்கைய விட எவ்ளோ நேரம் பார்த்தாங்கங்கிறதுக்கு எடை கொடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் அந்தக் குரூப்ல கிடைச்ச நானூறு பேர வெச்சு என்ன பண்றது? நானூறு பேரு இருந்து நாலு வியூ வந்தா நமக்கே வீடியோ போடப் பிடிக்காது. பாதிப் பேரு சேனல விடுறது அங்கதான்.

காசு கொடுத்து வாங்கினவங்க கதை இன்னும் மோசம். 2014 டிசம்பர்ல இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகள ஒரேயடியா கூட்டித் தள்ளிச்சு. இன்ஸ்டாகிராமோட சொந்தக் கணக்கே 18 மில்லியனுக்கு மேல ஃபாலோவர இழந்துச்சு. பெரிய பெரிய பாடகருங்களுக்கெல்லாம் மில்லியன் கணக்குல காலி. நீங்க அம்பது வெள்ளி கொடுத்து வாங்கினது எம்மாத்திரம்?

என்னோட சேனல் பெரிசு ஒண்ணும் இல்ல, உங்களுக்கே தெரியும். பகல்ல டவுன்ல கடைக்கணக்கு எழுதுறேன், மிச்ச நேரத்துல இது. ஆனா ஒரு வீடியோ பத்தி மட்டும் சொல்லியே ஆகணும். இங்க உள்ளுக்குள்ள ஒரு பழைய தோட்டம். பேரு வேணாம். பால்மரமெல்லாம், அதான் ரப்பர் மரம், வெட்டி செம்பனை போட்டு ரொம்ப காலம் ஆச்சு. தொழிலாளிங்க வரிசையா குடியிருந்த லயத்து வீடெல்லாம் இடிச்சாச்சு. ஒரு முனீஸ்வரர் கோயிலும், சிமெண்டுத் தண்ணித் தொட்டி ஒண்ணும்தான் மிச்சம். மோட்டோவ நிறுத்திட்டு அத எடுத்துப் போட்டேன். வியூ பார்த்தா சிரிப்பீங்க, அவ்ளோ கம்மி.

அதுல ஜோகூர்லேர்ந்து ஒரு அக்கா எழுதினாங்க. "தொட்டிக்குப் பக்கத்துல முதல் லயம், நாலாவது வீடு எங்களது. மேல தெரியிற வெடிப்பு அப்பவே இருந்துச்சு." நான் வெறுமனே ஒரு ஹார்ட் போட்டுட்டுப் போயிருக்கலாம். "அக்கா, கோயில் திருவிழாவுக்கு அப்ப யாரு பூசை பண்ணாங்க?"ன்னு கேட்டேன். அவ்ளோதான், பிடிச்சுக்கிட்டாங்க! பூசாரி தாத்தா, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு விடியக்காலையில அடிக்கிற மணி, பிள்ளைங்களப் பார்த்துக்கிற ஆயாக்கொட்டாயில கொடுத்த மைலோன்னு ஒரே மூச்சுல எழுதினாங்க. ரெண்டு நாள் கழிச்சு கிள்ளான்லேர்ந்து ஒருத்தர் வராரு. "நீங்க மண்டோர் வீட்டுக்கு எதுத்த வீட்டுப் பிள்ளையா?" மண்டோர்னா கங்காணி. அந்தக் கேள்விய படிக்கிறப்ப எனக்கு சிலிர்த்துப் போச்சு மா. தோட்டம் கைமாறினப்போ ஆளுக்கொரு திசையில போனவங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் இருக்காங்களா இல்லையான்னே தெரியாது. இப்ப அவங்களுக்குத் தனியா ஒரு வாட்ஸ்அப் குரூப். அதுல என்னையும் சேத்து வெச்சிருக்காங்க, தினமும் காலையில பூப்படம் போட்ட வணக்கம் வருது. அத மட்டும் தாங்க முடியல, சும்மா சொல்றேன், கோச்சுக்காதீங்க.

அந்த வருஷத் திருவிழாவுக்கு வேன் பிடிச்சு வந்தாங்க. நான் கேமராவ எடுக்கல. எடுத்திருந்தா வியூ வந்திருக்கும், உண்மைதான். அவங்க அழுறத எதுக்கு ஊருக்குக் காட்டணும்?

இப்படி ஆளுக்கு ஆள் ஒட்டிப் பேசுறத இந்த ஊருக்காரங்க புதுசா கத்துக்க வேண்டியதே இல்ல. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவரா இருந்த துன் சம்பந்தன் 1919ல பிறந்தது இதே சுங்கை சிப்புட்லதான். சுதந்திரம் வந்த சமயத்துல வெள்ளக்காரத் தோட்டங்கள வாங்கி, துண்டு துண்டா வெட்டி விக்க ஆரம்பிச்சாங்க. துண்டாடல்னு தாத்தாமாருங்க சொல்வாங்களே, அதுதான். தோட்டம் போனா வேலை போச்சு, லயத்து வீடும் போச்சு. அதுக்காக 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு. தோட்டம் தோட்டமாப் போயி, பால்மரம் வெட்டுறவங்ககிட்ட மாசம் பத்து வெள்ளி, பத்து வெள்ளின்னு பங்கு சேத்தாரு. அந்தக் காசுல முதல்ல வாங்கினது கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டம். பத்து வெள்ளி அன்னைக்கு ஒரு தோட்டத் தொழிலாளிக்குச் சின்னக் காசா? அப்ப அவரு அமைச்சர். ரேடியோவுல ஒரு பேச்சு பேசிட்டு விட்டிருந்தா லட்சம் பேரு கேட்டிருப்பாங்க. கேக்கிறது சுலபம். நேர்ல வந்து, லயத்து வாசல்ல நின்னு பேசினதாலதான் பத்து வெள்ளி வெளிய வந்துச்சு. எங்க பாட்டி சாகிற வரைக்கும் அந்தப் பங்குப் புத்தகத்த சாமி படத்துக்குப் பின்னாலதான் வெச்சிருந்தாங்க.

சின்ன உதாரணம் ஒண்ணு, இங்க தாமான்ல முறுக்கு சுடுற ஒரு அக்கா. அவங்க பேஜ்ல இருக்கிற ஆளுங்க ஒரு கல்யாண மண்டபத்துல அடங்கிடுவாங்க. ஆனா தீபாவளிக்கு மூணு வாரத்துக்கு முன்னாலயே ஆர்டர் மூடிடுவாங்க. யாரு வீட்டுல சக்கரை வியாதி, யாருக்கு ஓமம் பிடிக்காது, எந்த வீட்டுப் பையன் சிங்கப்பூர்லேர்ந்து வரான், எல்லாம் அவங்களுக்குத் தெரியும். ஈப்போவுல ஒருத்தர் பெரிய ஃபாலோவர் கூட்டத்தோட முறுக்கு விளம்பரம் பண்ணாரு. லைக் போட்டவங்கள்ல முக்காவாசிப் பேரு எந்த நாட்டுலயோ இருக்காங்க. அங்க போஸ் லாஜு கூரியர்ல முறுக்கு அனுப்பவா முடியும்?

நம்பரே வேணாம்னு நான் சாமியாராப் பேசல. காசு வேணும்னா ஒருநாள் அந்தப் படி ஏறித்தான் ஆகணும். ஆரம்பத்துல அதையே பார்த்துக்கிட்டு இருக்காதீங்கன்னுதான் சொல்றேன். இன்ஸ்டாவுல லைக் எண்ணிக்கைய மறைக்க 2021லேர்ந்து வழி இருக்கு, மறைச்சிடுங்க. யூடியூப்ல சப்ஸ்கிரைபர் எண்ணிக்கைய மறைக்கிற வசதிய 2022ல எடுத்துட்டாங்க. பெரிய சேனல் மாதிரி வேஷம் போட்டு ஏமாத்துறவங்க அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாங்களாம். அதனால அங்க நீங்கதான் கண்ண மூடிக்கணும்.

அப்புறம், வீடியோ போடுறதுக்கு முன்னாலயே மத்தவங்க சேனல்ல போயி பேசுங்க. "சூப்பர் ப்ரோ, என் சேனலையும் பாருங்க" இல்ல. அது பேச்சே இல்ல. அவங்க சொன்னதுல ஒரு விஷயத்தப் பிடிச்சு, உங்களுக்குத் தெரிஞ்சத சேத்து எழுதுங்க. மீன் பிடிக்கிற அண்ணே, உங்களுக்குத்தான் சொல்றேன். தூண்டில் போடுற ஆளுங்க இந்த ஊர்லயே எத்தன பேரு இருக்காங்க! எந்த ஆத்துல இப்ப தண்ணி கலங்கிக் கிடக்குன்னு ஒரு வரி எழுதினா போதும், மறுநாள் நாலு பேரு உங்கள தேடி வருவாங்க. யாராவது உங்களுக்கு எழுதினா, பதில்ல ஒரு கேள்வி வைங்க. எந்தத் தோட்டம், தோட்டத்துல எந்த டிவிஷன், அதாவது எந்தப் பிரிவு, யாரு வீடு. நம்ம ஆளுங்களுக்கு இந்த மூணு கேள்விக்கு மேல என்ன வேணும்? அடுத்த வீடியோவுல அவங்க பேரச் சொல்லுங்க. அந்தக் காலத்துல ரேடியோவுல பாட்டு கேட்டு எழுதினவங்க பேர வாசிக்கிறப்ப, வீடே காத தீட்டிக்கிட்டு உக்காந்திருக்குமாம். அம்மா இன்னும் சொல்வாங்க. சேனல் சின்னதா இருக்கிறப்பதான் இத எல்லாருக்கும் செய்ய முடியும். ஒரு வீடியோவுக்கு ஐந்நூறு கமெண்டு வந்தா யாரால முடியும்?

ஒரு எச்சரிக்கை, குறிப்பா பொம்பளப் பிள்ளைங்களுக்கு. ஒட்டுறவாப் பேசுங்கன்னு சொன்னேன், வீட்டு அட்ரஸ கொடுங்கன்னு சொல்லல. சில பேரு முதல் நாளே "தங்கச்சி"ன்னு ஆரம்பிப்பான், பத்தாவது நாள் ஆஸ்பத்திரி பில்லுன்னு நிப்பான். உங்க வீடியோவப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டான், உங்களப் பத்தியே கேட்டுக்கிட்டு இருப்பான். அதுதான் அடையாளம். லைவ்ல யூனிபார்ம் தெரியிற மாதிரி, வீட்டு நம்பர் தெரியிற மாதிரி உக்காராதீங்க. தப்பித் தவறி காசு அனுப்பிட்டா வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காம உடனே 997க்கு அடிங்க, தேசிய மோசடி எதிர்ப்பு மையம். உங்க பேங்குக்கும் அடிங்க. எவ்ளோ சீக்கிரம் சொல்றோமோ அவ்ளோ நல்லது, காச வேற கணக்குக்கு மாத்திட்டான்னா பிடிக்கிறது கஷ்டம்.

இருங்க, அம்மா கூப்பிடுறாங்க. வரேம்மா! ...சீரியல் முடிஞ்சிருச்சு போல.

அடுத்த வாரம் கமுனிங் தோட்டத்துப் பக்கம் போறேன், அங்க இருந்த பழைய லயங்களப் பத்தி எடுக்கலாம்னு. உங்க வீட்டு ஆளுங்க யாராவது அங்க இருந்திருந்தா, பேரு, எந்த டிவிஷன், பால் வெட்டினாங்களா இல்ல ஸ்டோர்ல வேலை பார்த்தாங்களா, கீழ எழுதுங்க. பழைய போட்டோ இருந்தா எடுத்து வைங்க, ஆல்பத்துலேர்ந்து பிய்க்காதீங்க, ஒட்டிக்கிட்டு கிழிஞ்சிடும். அப்படியே ஃபோன்ல பிடிச்சு அனுப்பினா போதும். பாட்டி, தாத்தா எழுதத் தெரியாதுன்னு சொன்னா வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க, நான் கேட்டு எழுதிக்கிறேன். சரியா? வரேன்.